இரவல் ஹெல்மெட்

வணக்கம் நேயர்களே. பைக் ஓட்டுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அடுத்தவர் ஹெல்மெட்டை ஒரு நாளாவது வாங்கி மாட்டியிருப்பீர்கள். ஒன்று நெற்றியை இறுக்கும், இல்லாவிட்டால் வேகமெடுத்ததும் காற்றில் ஆடும். இருந்தாலும் 'தெருமுனை வரைக்கும்தானே' என்று கிளம்பிவிடுவோம். இந்தத் 'தெருமுனை வரைக்கும்தானே'யைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். நான் பேச வந்த மனிதரின் கதை அங்கேதான் போய் நிற்கிறது.

அவர் பெயர் அல்பெர்ட்டோ அஸ்காரி. இத்தாலியில் மிலான் நகரத்துக்காரர், கார் பந்தய வீரர். 1952, 1953 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் உலக சாம்பியன். அதற்குப் பிறகு எழுபது வருடத்துக்கு மேல் வேறு எந்த இத்தாலியருக்கும் அந்தப் பட்டம் வாய்க்கவில்லை. ஃபெராரி பிறந்த நாட்டில் இப்படி!

அப்பா அந்தோனியோவும் பந்தய வீரர்தான். ஆல்ஃபா ரோமியோ கார் கம்பெனியின் நட்சத்திரம். 1925 ஜூலை 26 அன்று பாரிஸ் பக்கத்தில் மோன்லேரி பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது ஓரத்து மரவேலியில் மோதி இறந்துபோனார். வயது 36. பையன் ஏழாவது பிறந்தநாள் முடிந்து அன்றைக்குப் பதின்மூன்றாம் நாள்.

அந்தப் பையன் முதலில் மோட்டார் சைக்கிளில் ஓடினான், பிறகு காருக்கு வந்தான். 1940இல் அவன் ஓட்டிய கார், அப்பாவின் பழைய கூட்டாளி என்சோ ஃபெராரி சொந்தமாகக் கட்டிய முதல் கார். நடுவில் யுத்தம். அதன் பிறகு மஸெராட்டி, 1949இலிருந்து ஃபெராரி. இதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன், மன்னியுங்கள்.

ஆள் பார்க்க வீரர் மாதிரியே இருக்க மாட்டார். கொழுகொழுவென்று இருப்பார். 'சீச்சோ' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் வீட்டில் 'குண்டு' என்று செல்லமாகக் கூப்பிடுவோமே, அது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் துளி பதற்றம் கிடையாது. முன்னால் போய்விட்டால் அவரைப் பிடிக்க முடியாது, யாரையாவது துரத்த வேண்டி வந்தால்தான் கொஞ்சம் தடுமாறுவார் என்று என்சோ ஃபெராரியே சொல்லியிருக்கிறார்.

1952 ஜூனில் பெல்ஜியத்தில் ஜெயித்தார். பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, ஹாலந்து, இத்தாலி. அடுத்த வருடம் அர்ஜென்டினா, மறுபடி ஹாலந்து, மறுபடி பெல்ஜியம். ஓடிய ஒன்பது பந்தயத்தில் ஒன்பதும்! நடுவில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயமும் பட்டியலில் இருந்தது, அதற்கு அவர் போகவே இல்லை. போகாத ஊருக்குக் கணக்கு எதற்கு என்பது என் கட்சி. ஜெர்மன் வீரர் வெட்டல் 2013இல் வந்துதான் இந்தத் தொடர்ச்சியான ஒன்பதைத் தொட்டார். டச்சு வீரர் வெர்ஸ்டாப்பன் 2023இல் பத்தாக்கினார்.

'ஆல்ஃபா ரோமியோ விலகிவிட்டது, சின்ன இரண்டு லிட்டர் என்ஜின் வண்டிகள்தான் ஓடின, போட்டியே இல்லை' என்று சிலர் சொல்வார்கள். சரி ஐயா, அதே ஃபெராரிதானே ஃபரீனாவிடமும் இருந்தது? அவர் 1950இன் உலக சாம்பியன். அதே வண்டி, அதே பெட்ரோல். அவர் ஏன் ஒன்பது ஜெயிக்கவில்லை?

இப்போது ஹெல்மெட்டுக்கு வருகிறேன். அஸ்காரிக்குச் சகுனத்தில் அபார நம்பிக்கை. கறுப்புப் பூனை ஆகாது, பதின்மூன்று ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல் அந்த வெளிர்நீல ஹெல்மெட். அது இல்லாமல் வண்டியில் ஏற மாட்டார்.

1955 மே 22, மொனாக்கோ. கடலோரத் தெருக்களிலேயே நடக்கும் பந்தயம். அவர் இப்போது லான்சியா அணியில். நூறு சுற்றில் எண்பது முடிந்திருந்தது. முன்னால் போன பிரிட்டிஷ் வீரர் மாஸின் வண்டி புகை கக்கிவிட்டது. முதலிடம் அஸ்காரியின் கைக்கே வரப்போகிற நேரம். சுரங்கவழியைத் தாண்டித் துறைமுக ஓரத்து வளைவுக்கு வந்தவர், வண்டியோடு நேரே கடலுக்குள் போய்விட்டார்! ஆமாம், கடலுக்குள். அந்தக் காலத்தில் சீட் பெல்ட் கிடையாது, அதுவே அன்று நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் நீல ஹெல்மெட் தண்ணீருக்கு மேலே வந்தது. நீந்தினார், படகில் தூக்கிவிட்டார்கள். மூக்கு உடைந்ததோடு போயிற்று.

நாலே நாள். மே 26, வியாழக்கிழமை, மிலானுக்குப் பக்கத்தில் மோன்ஸா. இளைஞர் காஸ்டெலொட்டி ஒரு ஃபெராரியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்காரி வேடிக்கை பார்க்க வந்தவர், ஓட்ட வந்தவர் இல்லை. சட்டை, கழுத்தில் டை. நீல ஹெல்மெட்டைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார். விபத்துக்குப் பிறகு சீக்கிரம் ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியிருக்கலாம். சைக்கிளில் விழுந்த பிள்ளையை அப்போதே மறுபடி ஏறச் சொல்வோம் இல்லையா? 'சில சுற்றுதான்' என்று காஸ்டெலொட்டியின் வெள்ளை ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினார். மூன்றாவது சுற்றில், வியலோனே வளைவில் வண்டி குட்டிக்கரணம் போட்டது. சில நிமிடங்களில் உயிர் போய்விட்டது. காற்றில் டை முகத்தில் அடித்தது என்பார்கள், யாரோ ஒரு தொழிலாளி பாதையைக் கடந்தார் என்பார்கள். காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை.

அவருக்கும் வயது 36. அப்பாவுக்கும் 26ஆம் தேதி, மகனுக்கும் 26. இரண்டு பேருக்கும் பதின்மூன்று பெரிய வெற்றி என்று வேறு கணக்குச் சொல்வார்கள். ஆனால் உலக சாம்பியன்ஷிப் என்பதே 1950இல்தான் தொடங்கியது. அப்பா காலத்து வெற்றிகளை எந்தப் படியால் அளப்பது? கணக்குப் போடுகிறவர் விருப்பத்துக்கு எண் வந்து உட்காரும். எனக்கு மனதில் நிற்பது எண்கள் இல்லை. அத்தனை வருடம் இரவல் பொருளைத் தொடாத மனிதர், அன்றைக்கு மட்டும் 'பரவாயில்லை' என்றாரே, அதுதான்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். லான்சியாவைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன்! சரி, சுருக்கமாக. 1954இல் ப்ரெஷ்யாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் மில்லே மில்யா, பொதுச் சாலையில் ஆயிரம் மைல், லான்சியாவில் தனியாளாக ஓட்டி ஜெயித்தவர் இவர். இவர் போனதும் லான்சியா பந்தயத்தை விட்டது. மொனாக்கோவில் ஓடிய அந்த டி50 ரகக் கார்கள் ஃபெராரிக்குப் போயின. அடுத்த வருடம் அர்ஜென்டினா வீரர் ஃபாஞ்சியோ அதே ரகத்தில்தான் சாம்பியன் ஆனார். சக்கரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் பெட்ரோல் டாங்க் வைத்த அழகைச் சொல்ல நேரமில்லை. மோன்ஸாவின் அந்த வளைவுக்கு இன்று அஸ்காரி என்றுதான் பெயர். மிலான் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். வணக்கம்.