ஓவியம் வரைய வராத டாமி

நேயர்களுக்கு வணக்கம். கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' நாவலைப் பற்றி இன்று பேசுகிறேன். 2005இல் வெளிவந்த நாவல் இது. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் பொறுத்தருள வேண்டும்.

1996 ஜூலையில் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வகத்தில் குளோனிங் முறையில் டாலி என்ற செம்மறியாடு பிறந்தது. மறு ஆண்டு செய்தி வெளியானதும், அடுத்தது மனிதன்தானோ என்ற அச்சம் எழுந்தது. பிரிட்டன் 2001இல் தடைச் சட்டமே இயற்றியது. இஷிகுரோ அந்த வாதப் பிரதிவாதத்துக்குள் நுழையவில்லை. மனித நகல்களை உருவாக்கி, அதற்குப் பழகியும் போய்விட்ட ஓர் இங்கிலாந்தை எழுதினார். ஆய்வுக்கூடக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது.

ஹெய்ல்ஷாம் என்றொரு உறைவிடப் பள்ளி. அப்படி உருவாக்கப்பட்ட நகல்களான கேத்தி, ரூத், டாமி மூவரும் அங்கே வளர்கிறார்கள். பெரியவர்களானதும், மற்றவர்களின் நோயைக் குணமாக்க அவர்களுடைய உறுப்புகள் ஒவ்வொன்றாக எடுக்கப்படும். மூன்றாவது அல்லது நான்காவது அறுவைச் சிகிச்சையோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும். 'மேடம்' என்ற பெண்மணி அவ்வப்போது வந்து, பிள்ளைகளின் நல்ல ஓவியங்களைப் பொறுக்கி எடுத்துச் செல்கிறார். எதற்கென்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

டாமிக்கு வரைய வராது. அவன் வரைந்த யானையைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். வளர்ந்தபின் சின்ன நோட்டில் கற்பனை மிருகங்களை வரையத் தொடங்குகிறான். கிட்டத்தில் பார்த்தால் நுண்ணிய திருகுகளும் சக்கரங்களும். தள்ளிப் பிடித்தால்தான் அது ஒரு பிராணி. ரேடியோ பெட்டியின் பின்மூடியைக் கழற்றியதுபோல் இருக்கிறது என்கிறாள் கேத்தி. (ரேடியோவிலேயே இதைச் சொல்ல வாய்த்ததில் எனக்கொரு மகிழ்ச்சி.)

உண்மையாகக் காதலிக்கும் இணைகளுக்கு, உறுப்புகளை எடுப்பதைத் தள்ளிவைக்க மூன்றாண்டு தவணை கிடைக்கும் என்றொரு வதந்தி. அதை நம்பி, அந்தப் படங்களோடு டாமியும் கேத்தியும் மேடத்தின் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கிருக்கும் பழைய தலைமையாசிரியை மிஸ் எமிலி உண்மையைச் சொல்கிறார்: தவணை என்று எதுவும் இருந்ததே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கும் ஆன்மா உண்டு என்று வெளியுலகுக்கு நிரூபிக்கவே ஓவியங்களைச் சேகரித்தார்களாம்.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். மிஸ் எமிலி நல்லவர், பிள்ளைகளுக்காகப் போராடியவர். ஆனால் படத்தைக் காட்டி ஆன்மாவை நிரூபிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட கணமே, வரைய வராத பிள்ளையின் கதி என்ன என்ற கேள்வி வந்துவிடுகிறது. தம் சொந்தப் பிள்ளைக்கு இப்படியொரு சான்றை யார் தேடுகிறார்கள்? பள்ளியில் இருந்த நாளெல்லாம் உங்களைக் கண்டு எனக்கே அருவருப்பு எழுந்ததுண்டு, அதை அடக்கிக்கொண்டேன் என்று அவரே சொல்கிறார். புற்றுநோயைக் குணமாக்க வழி கிடைத்தபின், அதை விட்டுவிடுங்கள் என்று மக்களிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்கிறார். பழி முழுவதையும் விஞ்ஞானியின் தலையில் போட்டுவிட்டு நாம் நழுவ முடியாதபடி செய்வது அந்தக் கேள்வி.

இவர்கள் ஏன் தப்பி ஓடவில்லை என்று பல வாசகர்கள் கேட்கிறார்கள். வேலியை உடைத்து ஓடும் காட்சி இருந்திருந்தால் நமக்குத்தான் ஆறுதல். பாதி சொல்லியும் பாதி மறைத்தும் வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, ஓடிப்போய்ச் சேர ஓர் இடம் உண்டு என்ற எண்ணமே வருவதில்லை. மேடத்தின் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் டாமி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, இருட்டில் சேற்று வயலில் நின்று கத்துகிறான். பிறகு காரில் ஏறிக்கொள்கிறான்.

நன்றி, வணக்கம்.