உறுதியுரைக்கு யார் கணக்குக் கேட்பது?

வணக்கம், அன்பார்ந்த நேயர்களே.

ஆண்டின் முதல் வேலைநாளில் திருகோணமலையில் எந்த அரச அலுவலகத்துக்குச் சென்றாலும் ஏறத்தாழ ஒரே காட்சியைத்தான் காணலாம். முற்றத்தில் உத்தியோகத்தர்கள் வரிசையாக நிற்பார்கள். தேசியக் கொடி ஏற்றப்படும், தேசிய கீதம் இசைக்கப்படும், உயிர்நீத்தவர்களுக்காக மௌன அஞ்சலி செலுத்தப்படும். அதன்பின் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று உறுதியுரையைத் துண்டு துண்டாக வாசிக்க, மற்றவர்கள் கையிலுள்ள தாளைப் பார்த்துத் தொடர்ந்து சொல்வார்கள். முன்வரிசையில் குரல் தெளிவாக இருக்கும். பின்வரிசையில் உதடுகள் மட்டும் அசையும். வெயில் ஏறுமுன் எல்லாம் முடிந்து, பாற்சோறும் பலகாரமும் பரிமாறப்படும். சேவையில் இருந்த காலத்தில் நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். நேர்மையாகப் பணிசெய்வோம் என்று ஊழியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சொல்வதில் தவறேதும் இல்லை. என் கேள்வி வேறு. கீழே நிற்பவர்களிடம் இத்தனை முறை வாங்கப்படும் இந்த வாக்கு, மேலே இருப்பவர்களிடமிருந்து எப்படிப் பெறப்படுகிறது, அவர்கள் அதை மீறினால் என்ன நடக்கிறது என்பதே அது.

புத்தாண்டு உறுதியுரை ஒரு சடங்கு. ஆனால் அரச நியமனம் பெறும்போது நாம் கையொப்பமிடும் சத்தியப்பிரமாணம் சடங்கல்ல. அதன் பின்னால் தண்டனை நிற்கிறது. 1983 யூலை வன்செயலின் புகை அடங்குமுன்பே, அடுத்த மாதத்தில் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம், இலங்கைக்குள் தனியரசு ஒன்றை நிறுவுவதற்கு நாட்டுக்குள்ளோ வெளியிலோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரவளிப்பதில்லை என்று பாராளுமன்ற உறுப்பினர், சட்டத்தரணி, அரச உத்தியோகத்தர் எனப் பலரும் சத்தியம் செய்ய வேண்டும் என்று விதித்தது. செய்ய மறுக்கும் உத்தியோகத்தர் பதவியை இழப்பார். தடையை மீறியதாக நீதிமன்றம் காணும் எவருக்கும் ஏழு ஆண்டுகள் வரை குடியியல் உரிமை பறிபோகலாம். வாழ்க்கைக்கு இன்றியமையாதவை தவிர்ந்த சொத்துக்கள் பறிமுதலாகலாம். அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு வைத்திருக்கவோ பொதுப் பரீட்சைக்குத் தோற்றவோ கூட முடியாது. குடிமகனின் விசுவாசத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்து எழுதிய அதே அரசியலமைப்பில், பதவிப்பிரமாணத்தை மீறும் ஆட்சியாளருக்கு இதற்கு ஈடான ஒரு பட்டியலை நான் தேடிக் கண்டதில்லை.

இந்தத் திருத்தத்தின் விளைவைத் திருகோணமலைத் தொகுதி உடனே கண்டது. 1977இல் நமது மக்கள் தெரிவு செய்த இராஜவரோதயம் சம்பந்தன், தமிழர் விடுதலைக் கூட்டணியின் ஏனைய உறுப்பினர்களோடு பாராளுமன்றத்தைப் பகிஷ்கரித்து, 1983 செப்டெம்பரில் ஆசனத்தை இழந்தார். ஆறாவது திருத்தம் மட்டுமே அதற்குக் காரணமன்று. மக்கள் ஆறு ஆண்டுகளுக்குத் தந்த ஆணை முடிந்த பின்னும் அங்கே அமர்ந்திருப்பது முறையா என்ற கேள்வியும் அப்போது எழுந்திருந்தது. பின்னர் 2001இல் மீண்டும் தெரிவானபோது அதே சத்தியத்தைச் செய்துதான் அவர் சபைக்குள் சென்றார். 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானார். 2024இல் காலமாகும் வரை நமது மாவட்டத்தின் உறுப்பினராகவே இருந்தார்.

நான் அதைக் குறைசொல்ல வரவில்லை. இடையில் நடந்த போரையும் அழிவையும் கண்டவர்கள் எவரும் எளிதில் குறைசொல்ல மாட்டார்கள். ஆயினும் 1976இல் வட்டுக்கோட்டையில் தமிழருக்குத் தனியரசு வேண்டும் என்ற தீர்மானத்தை எடுத்து, அடுத்த ஆண்டே அதற்கு ஆணை கேட்ட ஒரு தலைமுறைத் தலைவர்கள், பிற்பாடு அதற்கு நேரெதிரான வாசகத்தில் கையொப்பமிட்டபோது, வாக்களித்த சனங்களைக் கூட்டிவைத்து உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா என்ற ஆதங்கம் நமது தேநீர்க் கடைகளில் இன்றும் கேட்கிறது. தெற்கின் தலைவர்கள் மீது மட்டுமே நமக்கு விரக்தி என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது ஓர் ஆறுதல். அதைச் சொல்லவும் முப்பத்துநான்கு ஆண்டுகள் பிடித்தன.

தெற்கிலும் விசுவாசம் விசித்திரமான முறைகளில் வாங்கப்பட்டதுண்டு. 1982இன் பிற்பகுதியில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன தமது கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதி இடப்படாத இராஜினாமாக் கடிதங்களைப் பெற்று வைத்துக்கொண்டார். அரசியலமைப்பைக் காப்பேன் என்று நாட்டுக்குச் சத்தியம் செய்தவர்கள், தங்கள் ஆசனத்தையே ஒரு மனிதரின் மேசை லாச்சிக்குள் அடைவு வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி, தேர்தலுக்குப் பதிலாக நாட்டுக்குக் கிடைத்தது பாராளுமன்றத்தின் காலத்தை நீடிக்க விளக்குச் சின்னமா, மறுக்கக் குடச் சின்னமா என்ற சர்வசன வாக்கெடுப்பு. 1977இல் தெரிவான பாராளுமன்றம் அதன் பயனாக 1988 டிசம்பரில் கலைக்கப்படும் வரை நீடித்தது. கட்சித் தலைவருக்குக் கொடுத்த வாக்கு நாட்டுக்குக் கொடுத்த வாக்கை விழுங்கிவிடும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று எனக்குத் தெரியாது.

ஜனாதிபதியின் பதவிப்பிரமாணமும், இயன்றவரை அரசியலமைப்பைப் பேணிப் பாதுகாப்பதாகவே சொல்கிறது. அதைச் சொல்லிப் பதவியேற்ற மைத்திரிபால சிறிசேன 2018 நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தார். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவரோ தமது பதவிக்காலம் முடியும் வரை ஜனாதிபதியாகவே இருந்தார்.

2022ஐ எவரும் மறந்திருக்க முடியாது. ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சீனக்குடாவில் உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அந்த ஆண்டு சனவரியில்தான் அவற்றை 14, 24, 61 என்று இந்திய எண்ணெய்க் கம்பனிக்கும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். அந்தத் தாங்கிகள் இருக்கும் மாவட்டத்திலேயே, மண்ணெண்ணெய்க்காகக் கான்களோடு காத்துநின்ற கடற்றொழிலாளர்கள் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வீட்டில் இருந்தார்கள். மே 9ஆம் திகதி பிரதமர் பதவியிலிருந்து விலகிய மஹிந்த ராஜபக்ஷ குடும்பத்தோடு தஞ்சமடைந்த இடமும் நமது திருகோணமலைக் கடற்படைத் தளம்தான். செய்தி பரவியதும் தளத்தின் வாசலில் மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். காலிமுகத்திடலில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவை வெளியேறச் சொல்லி நின்ற இளைஞர்களின் தோள்களில் தேசியக் கொடி கிடந்தது. தலைவர் மீதான கோபத்தை நாட்டின் மீதான துரோகமாகக் காட்டுவது எந்த ஆட்சிக்கும் வசதியான உத்தி. அன்று அது பலிக்கவில்லை. இதே கோபத்தை வடக்குக் கிழக்கில் ஒரு தமிழ் இளைஞன் காட்டினால் அவன் விசுவாசம் முதலில் விசாரிக்கப்படும் என்பதையும் நாம் அறிவோம்.

2023 நவம்பர் 14ஆம் திகதி, அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த உயர் நீதிமன்றம், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட சில உயர் அதிகாரிகளும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள், பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கிடைத்தது. ஆறாவது திருத்தத்தின் தண்டனைப் பட்டியலோடு இந்தத் தொகையை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நமது ஊருக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. மாகாண சபைகள் பதின்மூன்றாவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பின் ஒரு பகுதி. ஆகவே அரசியலமைப்பைப் பாதுகாப்பதாகச் சத்தியம் செய்பவர் அவற்றையும் சேர்த்தே சத்தியம் செய்கிறார். திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதே ஆண்டில் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் இயற்றினார்கள். அதன்படி தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன, ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. புதிய முறையும் நடைமுறைக்கு வராமல், பழைய முறையும் இல்லாமல், தேர்தல் அந்தரத்தில் நின்றது. மாகாணத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களே நிர்வகித்து வந்தார்கள். அன்று எதிர்த்து வாக்களித்த 139 பேரும் ஏற்கெனவே சத்தியப்பிரமாணம் செய்தவர்கள்தான்; அதற்காக அவர்களில் எவருடைய கடவுச்சீட்டும் பறிபோகவில்லை.

நன்றி, வணக்கம்.