மைனஸில் பெய்த மழை

எல்லாருக்கும் வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தினசரி மழைத் தரவை எடுத்துக்கொள்வோம். கால் டிகிரிக்கு ஒன்று என்று நாட்டையே கட்டம் போட்டிருக்கிறார்கள், குறுக்கே 135, நெடுக்கே 129. ஒரு வருடத்தை நம்பை அரேயாக, அதாவது பைதான் மொழியின் நம்பை (NumPy) லைப்ரரி எண்களை அடுக்கிவைக்கும் அட்டவணையாக, ஏற்றினால் 365, 129, 135 என்று மூன்று அச்சுகள், 63 லட்சத்துக்கும் மேல் எண்கள். அதில் கடலெல்லாம் -999, அதாவது இங்கே தரவு இல்லை என்று அடையாளம். முதல் தடவை அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தேன், ஒரு கடலோர மாவட்டத்தில் மழை மைனஸில் பெய்திருந்தது. சிரிக்காதீர்கள், படத்தை மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டுத்தான் பார்த்தேன்.

அப்புறம்தான் ஒரு ஃபங்ஷன் எழுத உட்கார்ந்தேன். எந்தக் கட்டம் வேண்டும் என்று ட்ரூ, ஃபால்ஸ் போட்ட 129க்கு 135 மாஸ்க், எந்த நாள் வேண்டும் என்று ஒரு பட்டியல், இரண்டையும் கொடுத்தால் அந்த மழை மட்டும் வர வேண்டும், அவ்வளவுதான். சதுர அடைப்புக்குள் மாஸ்க்கை மட்டும் போட்டேன், எரர். இன்டெக்ஸ் செய்யும்போது, அதாவது அடைப்புக்குள் கேட்டு எடுக்கும்போது, மாஸ்க் அச்சுகளோடு இடப்பக்கத்திலிருந்து பொருந்தும், அதனால் 129 போய் 365-இல் முட்டுகிறது. எல்லா நாளும் வேண்டும் என்று முன்னால் ஒரு கோலனும் கமாவும் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அதே மாஸ்க்கை, ட்ரூவா ஃபால்ஸா என்று பார்த்து மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேர் (where) ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பாருங்கள், கோலனே வேண்டாம்! அங்கே நடப்பது ப்ராட்காஸ்டிங், அதாவது சின்ன அரேயைப் பெரியதன் அளவுக்கு விரித்துப் பொருத்துவது, அது வலப்பக்கத்திலிருந்து பொருந்தும். ஒரே லைப்ரரிக்குள் இரண்டு திசை, எனக்கு இது பழகவே நாளாயிற்று.

இதைவிட மோசமானது, நாள் பட்டியலையும் மாஸ்க்கையும் ஒரே அடைப்புக்குள் போடுவது. மாஸ்க்கில் 40 ட்ரூ, பட்டியலில் 30 நாள் என்றால் எரர் வரும், நல்லது. இரண்டுமே 30 ஆக அமைந்துவிட்டால்தான் வினை. முதல் நாளுக்கு முதல் கட்டம், இரண்டாம் நாளுக்கு இரண்டாம் கட்டம் என்று ஜோடி சேர்த்து, 900 எண் வர வேண்டிய இடத்தில் 30 எண்ணைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனால் என் ஃபங்ஷன் முதலில் நாட்களை எடுக்கும், வந்ததிலிருந்து கட்டங்களை எடுக்கும், இரண்டு தனித்தனி அடைப்பு. கிடைப்பது நகல்தான், அதில் எதை மாற்றினாலும் மூல அரே அசையாது.

சில எண்களை மறைத்துவைக்க நம்பையிலேயே உள்ள மாஸ்க்ட் அரே பக்கம் போனால் எல்லாம் தலைகீழ், அங்கே ட்ரூ என்றால் மறை என்று அர்த்தம். இதில் ஒரு முறை நிலத்தை மறைத்துக் கடலுக்குச் சராசரி எடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து என் ஃபங்ஷனில் அந்த உள்ளீட்டுக்கு மாஸ்க் என்று பெயர் வைப்பதில்லை, கீப் என்று வைக்கிறேன்.