வாக்கியம் முடியட்டும், டாக்டர்

(பண்ருட்டியில் ஓய்வூதியர் கூட்டம் ஒன்றில் பேசியது. வந்திருந்த சிலர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுக்கிறேன்.)

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். வைகாசி வெயிலில், இவ்வளவு பெரிய மண்டபத்தில், எல்லோரும் அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறீர்கள். காரணம் நான்தான். மேடையைப் பார்த்து ஓடிய மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொன்னேன். அந்தத் தம்பி என் மேல் இருந்த மரியாதையில் இரண்டையும் நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

சங்கத் தலைவர் அவர்களே, கருவூலத்துக்கும் நமக்கும் நடுவில் பாலமாக நடந்து நடந்து செருப்புத் தேய்ந்துபோன செயலாளர் அவர்களே, என் பிள்ளைகள் இருவருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்த முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னை ‘அஞ்சா நெஞ்சம் கொண்டவர்’ என்று சொல்லிவிட்ட பொருளாளர் அவர்களே, அது உண்மையில்லை, பல் துலக்க அஞ்சுகிறவள் நான். மகளிர் அணித் தோழிகளே, மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்த பெரியவர் அவர்களே, வாசலில் பலாச்சுளை அறுத்து வைத்துக்கொண்டு ‘பேச்சு எப்போது முடியும்’ என்று எட்டிப் பார்க்கும் நண்பர்களே, வணக்கம்.

ஒருவரை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். முப்பதாண்டுகள் அரசு மருத்துவப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் ஐயா என் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருத்துவர்கள் காதுகொடுப்பதில்லை என்று பேசுவது எப்படி என்று இரவெல்லாம் யோசித்தேன். பிறகு அவரிடமே தொலைபேசியில் கேட்டேன். “தாராளமாகப் பேசுங்கள் அம்மா, எனக்கும் இடுப்பு வலி, என்னையும் யாரும் கேட்பதில்லை” என்றார். ஐயாவுக்கு என் தனி வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது நான் ஓர் அடி பின்வாங்கியதை முன்வரிசையில் சிலர் பார்த்திருப்பீர்கள். அகம்பாவம் இல்லை. அந்த ஜரிகை வலது கன்னத்தில் உரசினால் அடுத்த இரண்டு நிமிடம் நான் பேச மாட்டேன்.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். வலி என்றால் என்ன என்பது ஒன்று. அதை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்பது இரண்டு. தீராத வலியோடு வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது என்பது மூன்று. ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று என் அம்மா தினம் இரண்டு முறையாவது சொல்வார். நாங்கள் ஆறு பேர், பால் ஒரு படி. அழாத பிள்ளைக்குக் காபித்தூள் போட்ட வெந்நீர்தான். அந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன்.

2016, மார்கழி மாதம். விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பனிக்காற்று வந்து வலது கன்னத்தில் பட்டது. அவ்வளவுதான். கோலப்பொடிக் கிண்ணம் எதிர்வீட்டு வாசல்வரை உருண்டு போனது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து “என்ன?” என்றபோது “ஒன்றுமில்லை” என்றேன். பொய் சொல்லவில்லை. அதற்குள் வலி போய்விட்டிருந்தது. மறுநாள் பல் துலக்கும்போது வந்தது. அதற்கு மறுநாள் ரசம் சாதம் வாயில் வைத்தபோது.

பல் வைத்தியரிடம் போனேன். “எந்தப் பல்?” என்றார். “பல் இல்லை டாக்டர், காற்று பட்டால்...” என்று ஆரம்பித்தேன். “வாயைத் திறங்கள்” என்றார். வாயைத் திறந்துவிட்டால் மனுஷி எப்படிப் பேசுவாள்? சொல்ல வந்த வாக்கியம் அந்த நாற்காலியிலேயே தங்கிவிட்டது. ஒரு கடைவாய்ப் பல்லில் சிறிய சொத்தை இருந்தது. பிடுங்கினார். இரண்டு வாரம் வலியே இல்லை. டாக்டரைக் கும்பிட்டேன், பல்லைத் திட்டினேன். மூன்றாவது வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் மூன்று முறை வந்துவிட்டது. வேறு வைத்தியர், அடுத்த பல். அங்கேயும் என் வாக்கியம் ‘காற்று’ என்ற சொல்லைத் தாண்டவில்லை. ஒன்றரை வருடத்தில் மூன்று பற்கள் போயின. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றாரே அம்மா, நான் அழுதேன், குறடுதான் வந்தது. நான்காவது இடத்தில் “இந்த வயதில் மனக்கவலை இப்படித்தான் வெளிப்படும்” என்று தூக்க மாத்திரை எழுதினார்கள். அழுத பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டால் பால் மிச்சம்.

நான் பார்த்த வேலை உங்களில் பலருக்குத் தெரியும். டிரங்க் போர்டு, அதாவது வெளியூர்த் தொலைபேசி அழைப்புகளைக் கையால் இணைத்துவிடும் பலகை. 1979இல் சேர்ந்தேன். காதில் ஹெட்செட், கையில் பிளக் வைத்த ஒயர், எதிரில் அழைப்பு விவரம் எழுதும் டிக்கெட் கட்டு. “மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா?” என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! துபாய்க்குப் போகிற பிள்ளையிடம் பம்பாயில் கப்பல் ஏறுவதற்கு முன் தாய் பேசிக்கொண்டிருப்பார், நடுவில் நான் புகுந்து கேட்பேன். ஆனால் வாக்கியத்தின் நடுவில் பிளக்கைப் பிடுங்கியதில்லை. எங்கள் மேற்பார்வையாளர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது.

மருத்துவர்களைப் பற்றி இப்படி ஓர் ஆய்வு இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1984இல் அமெரிக்காவில் வெளிவந்தது. நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். 2017இல், மருத்துவர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்று 67 நாடுகளின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. நம் நாட்டில் சுமார் இரண்டு நிமிடம். டிரங்க் காலைவிட ஒரு நிமிடம் குறைவு, நீட்டிப்பும் கிடையாது.

மருத்துவர் ஐயா சிரிக்கிறார். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியே நூறு சீட்டு காத்திருக்கும்போது எந்த மனிதருக்கும் காது சுருங்கத்தான் செய்யும். ஆள் போதவில்லை. அதைத்தான் நான் கடைசியில் கேட்கப்போகிறேன்.

கதையை முடித்துவிடுகிறேன். மருமகள் பிடிவாதமாகப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். என் எண் 87. உள்ளே என் பேத்தி வயதில் ஒரு பயிற்சி மருத்துவர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “எப்படி வலிக்கிறது அம்மா? உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள்” என்றார். சொல்லிவிட்டு, பேசாமல் இருந்தார்! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு சொன்னேன். “மழைக்காலத்தில் எங்கள் போர்டில் பிளக்கைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கும். அதே ஷாக், கன்னத்துக்குள். எங்களிடம் ஆர்டினரி கால், அர்ஜெண்ட் கால், லைட்னிங் கால் என்று மூன்று உண்டு. எனக்கு வருவதெல்லாம் லைட்னிங் கால். மணி அடிப்பதற்குள் வந்து, பேசி, துண்டித்துவிடும்.” அந்தப் பெண் அப்படியே எழுதினார். லைட்னிங் கால் என்பதையும் சேர்த்து. காற்று பட்டால் வருகிறதா, பல் துலக்கினால், மெல்லும்போது? ஒரே பக்கம்தானா? நான்கு கேள்விகள். எழுந்து போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தார். சுவரில் கடிகாரம் இருந்தது, நான் பார்த்தேன். மொத்தம் நான்கு நிமிடம்.

முக்கிளை நரம்பு வலி. ஆங்கிலத்தில் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்து உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பின் வேரில் ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டிருப்பது பெரும்பாலும் காரணம் என்றார்கள். ஸ்கேனில் அதையும் காட்டினார்கள். பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இடையிடையே தானாகவே ஓய்ந்திருக்கும் குணமும் அதற்கு உண்டாம். நான் பல்லைப் பிடுங்கியதால் என்று நினைத்த இரண்டு வாரம் அதுதான்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், கார்பமசெபின். மருந்துக் கடைத் தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, கடை நிறைய ஆள் நிற்கும்போது, “அம்மா, வீட்டில் யாருக்கு வலிப்பு?” என்றான். வலிப்புக்குக் கொடுக்கிற மருந்துதான் இந்த வலிக்கும் முதல் மருந்து என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவி, பக்கத்து வீட்டு அம்மாள் ஓர் இரும்புச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்றும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள்.

சரி, முதல் செய்தி. வலி என்றால் என்ன? உலக அளவில் வலியை ஆராய்கிறவர்களின் சங்கம் 2020இல் தன் விளக்கத்தைத் திருத்தி எழுதியது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று அதில் குறிப்பே போட்டிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதும் திரும்பத் திரும்ப வருவதும் நாள்பட்ட வலி. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் கொடுத்தாகிவிட்டது. ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்றால் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று அர்த்தமில்லை. இதை வீட்டில் மகனிடமும் சொல்லுங்கள்.

இரண்டாவது, எப்படிச் சொல்வது. பண்ருட்டிக்காரர்களுக்கு இதை வெளியூரிலிருந்து வந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திருவதிகை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சூலை நோயோடு அக்காவைத் தேடி இரவில் வந்தாரே திருநாவுக்கரசர், அவர் பாடியது என்ன? பக்தி இருக்கட்டும், அதை ஒரு நோயாளியின் வாக்குமூலமாக ஒரு முறை படித்துப் பாருங்கள். இடம் சொல்கிறார்: வயிற்றின் உள்ளே, குடரோடு. விதம் சொல்கிறார்: துடக்கி முடக்குகிறது, சுடுகிறது, நஞ்சாகி வந்து நலிகிறது. ‘தோற்றாது’ என்று ஒரு சொல் போடுகிறார். வெளியே தெரியவில்லை என்கிறார்! ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்னாலும் ஸ்கேனில் ஒன்றுமில்லை. அவருக்குக் கேட்க ஒரு திலகவதியார் இருந்தார்.

நாமோ “வலிக்கிறது டாக்டர்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நம்மிடமா சொல் பஞ்சம்? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுள்ளென்று வெட்டுவது. மெல்ஸாக் என்ற அறிஞர் 1975இல் வலிக்கு 78 ஆங்கிலச் சொற்களைத் திரட்டி ஒரு கேள்வித்தாளே செய்தார். எரிச்சல், ஷாக், மதமதப்பு என்றால் நரம்பு பக்கம் மருத்துவரின் புத்தி போகும். குடைச்சல் என்றால் வேறு பக்கம். சொல்தான் வழிகாட்டி. என் பக்கத்து வீட்டு அம்மாளிடம், அதே சாவிக்கொத்து அம்மாள்தான், “பத்துக்கு எத்தனை?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். “நான் எந்தப் பரீட்சையிலும் பாஸ் ஆனதில்லை தம்பி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மூட்டு வலி, இன்றும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அழுத பிள்ளை பால் குடிக்கும், சரி. அழத் தெரியாத பிள்ளையை யார் கேட்பது?

இங்கேதான் என் கோரிக்கை. செயலாளர் துண்டுச் சீட்டுக் கொடுத்துவிட்டார், வேகமாகச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் வாரத்தில் ஒரே ஒரு நாள் வலிக்கென்று தனிப் பிரிவு வேண்டும். அதற்கு வெளியே ஒரு பெஞ்சு, ஒரு நோட்டு, எழுதுவதற்கு ஓர் ஆள். எங்கே, எப்படி, எப்போதிலிருந்து, எதைச் செய்ய முடியவில்லை. இந்த நான்கையும் நோயாளியின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, சீட்டோடு உள்ளே அனுப்பிவிட்டால், மருத்துவரின் இரண்டு நிமிடமும் வீணாகாது. எழுத ஆள் எங்கே என்று கேட்பார்கள். இதோ, இந்த மண்டபத்தில் இருக்கிறோமே! வாழ்நாளெல்லாம் பேரேடு எழுதினோம், பதிவேடு எழுதினோம், நான் டிரங்க் டிக்கெட் எழுதினேன். சம்பளம் வேண்டாம், ஒரு டீ போதும்.

இது ஆகாத காரியம் இல்லை. கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வலித் தணிப்புக்காகத் தொடங்கிய சிறிய முயற்சி, கேரளம் முழுக்கப் பரவி, 2008இல் அரசின் கொள்கையாகவே ஆனது. நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது, வலித் தணிப்பு சிகிச்சையும் வருகிறது. வாசல்வரை வந்தவர்கள் இந்த நான்கு கேள்வியையும் கேட்டு எழுதிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. வலியோடு வீட்டில் இருப்பது பெரிய பாடம், அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு ஒன்று: என்னுடையது மாதிரி நரம்பு வலி மாத்திரையைப் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள், தலைசுற்றுகிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், போய்ச் சொல்லுங்கள். சொல்வதைக் கேட்காவிட்டால் மறுபடியும் சொல்லுங்கள்.

மனு தயாராக இருக்கிறது. வருகிற திங்கள்கிழமை கடலூரில் ஆட்சியரின் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். ஒரு பிள்ளை அழுதால் தூக்க மாத்திரை கொடுத்துவிடலாம், இருநூறு பிள்ளைகள் வரிசையில் நின்று அழுதால் என்ன செய்வார்கள் என்று பார்த்துவிடுவோம். தாள்கள் பின்வரிசையிலிருந்து வரட்டும், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பெயர், ஓய்வு பெற்ற துறை, கையெழுத்து. மருத்துவர் ஐயா முதல் கையெழுத்தை ஏற்கெனவே போட்டுவிட்டார், பாருங்கள், எல்லா மருத்துவர்களையும் போலப் படிக்க முடியாமல்தான் இருக்கிறது.

நான் இறங்கிக்கொள்கிறேன். தம்பி, மின்விசிறியைப் போட்டுவிடாதே. எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும், தாள் பறந்துவிடும்.