எலிப்புழுக்கை மிளகாயும் கொத்தமல்லி வேரும்

வணக்கம். கடல் உணவுக்குத் தொட்டுக்கொள்ள தாய்லாந்தில் ஒரு காரச் சாறு செய்வார்கள். அதைப் பற்றி வானொலியில் பேச ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சாற்றைச் செய்யவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். பேசுவதற்குத்தான் போதாது.

அதன் பெயர் நாம் ஜிம். 'நாம்' என்றால் தண்ணீர், 'ஜிம்' என்றால் தொட்டுக்கொள்வது. அடுப்பே வேண்டாம். பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லி வேர், எலுமிச்சை, சர்க்கரை, மீன் சாறு. அவ்வளவுதான்.

கொத்தமல்லி வேர் என்றதும் சிலர் நிமிர்ந்திருப்பீர்கள். சந்தையில் கட்டு வாங்கி வந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? மண் ஒட்டிய வேரை நறுக்கிக் குப்பையில் போடுகிறோம். நானும் முப்பது வருடம் அப்படித்தான் போட்டேன். அங்கே இலையைவிட வேருக்குத்தான் மரியாதை. வேர், பூண்டு, மிளகு மூன்றையும் 'மூன்று நண்பர்கள்' என்றே சொல்வார்கள். பாதிச் சமையல் அந்த மூன்றையும் இடிப்பதில்தான் தொடங்கும். இந்தச் சாற்றில் மட்டும் மிளகு ஒதுங்கிக்கொள்ள, மிளகாய் வந்து உட்காருகிறது. அந்த மிளகாயின் பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள்: எலிப்புழுக்கை மிளகாய். அளவிலும் அப்படித்தான் இருக்கும். நம் காந்தாரி மிளகாய் அதற்குச் சரியான மாற்று.

இடிப்பது என்றேன் அல்லவா, அங்கேதான் என் கதை இருக்கிறது. பாங்காக்குக்குத் தென்கிழக்கே, சொன்புரி மாகாணத்தின் கடலோரத்தில் ஆங் சிலா என்று ஒரு ஊர். 'ஆங்' என்றால் தொட்டி, 'சிலா' என்றால் கல். நம் சிலைக்குள் இருக்கும் அதே வடமொழிச் சொல்தான். கருங்கல் உரலுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே ஒரு கடையில் ஒரு அம்மா எதுவும் பேசாமல், குழவியால் இரண்டு உரல்களைத் தட்டிக் காட்டினார். ஒன்று 'ணங்' என்றது, மற்றது 'டொக்' என்றது. 'டொக்'கைத் தள்ளி வைத்துவிட்டு 'ணங்'கை என் கையில் கொடுத்தார். நம் ஊரில் மண்பானை வாங்குகிற அதே சோதனை! ஏழு கிலோ. விமான நிலையத்தில் மூன்று பேர் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார்: "ஏன், நம்ம வீட்டு இஞ்சி இடிக்கிற உரல் போதாதா?" போதும். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஆனால் உரல் வேண்டும், எந்த உரலாக இருந்தாலும் சரி. மிக்ஸி வேண்டாம். மிக்ஸி எல்லாவற்றையும் ஒரே கூழாக்கி, மேலே நுரையும் கட்டிவிடும். இடித்தால் வேரின் மணம் முழுதாக இறங்கும். மிளகாய் அங்கங்கே துண்டாக நிற்கும், கடிபடும். பாங்காக்கிலேயே பல கடைகளில் மிக்ஸியில்தான் அடிக்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் நான் மசியமாட்டேன்.

சரி, செய்முறை. நான்கு வேர், நம் ஊர் வேர் மெல்லியது என்பதால் ஒரு அங்குலத் தண்டோடு சேர்த்து எடுங்கள். பழைய பல்துலக்கியால் மண் போகத் தேயுங்கள். வேரோடு ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டு முதலில் இடியுங்கள். அது மசிந்த பிறகு ஆறு பல் பூண்டு, கடைசியாகப் பத்து மிளகாய். முதலில் வேர், மறுபடியும் சொல்கிறேன், முதலில் வேர். நார் உள்ளது அதுதான். பூண்டின் ஈரத்துக்கு நடுவில் அது வழுக்கிக்கொண்டே இருக்கும், மசியாது.

அப்புறம் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அவர்கள் பிழிவதும் நம் ஊரில் இருப்பது போன்ற மெல்லிய தோல் சிறு பழம்தான். பெரிய மஞ்சள் பழத்தில் அந்த மணம் வராது. கடைசிச் சொட்டு வரை நசுக்காதீர்கள், தோலின் கசப்பு இறங்கிவிடும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் உயர்ந்துவிட்டது, நேரம் முடியப்போகிறது. மீன் சாற்றைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். நெத்திலி மாதிரிச் சிறுமீனை உப்பில் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஊறவைத்து வடிப்பது. புட்டியைத் திறந்ததும் முகம் சுளிப்பீர்கள், பயப்படாதீர்கள், எலுமிச்சையோடு சேர்ந்ததும் அந்த வாடை அடங்கிவிடும். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கலக்கி நாக்கில் வையுங்கள். முதலில் புளிப்பு, உடனே காரம், அதன் பின்னால் உப்பு, கடைசியில் லேசான இனிப்பு.

இறாலை ஓட்டோடு சுடுங்கள். நண்டு, கணவாய் பற்றிச் சொல்ல நேரமில்லை. மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள், எலுமிச்சை கசந்துவிடும். வணக்கம்.