வலி போன பிறகுதான் கவனம் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பல் இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, "டாக்டர், எவ்வளவு ஆகும்?" அடுத்தது, "வலிக்குமா?" வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர் அபூர்வம். அதனால் இன்று கிடைத்திருக்கும் நேரத்தை அதற்கே ஒதுக்கிவிடுகிறேன்.

இம்ப்ளாண்ட் என்பது, மேலே செயற்கைப் பல் கட்டுவதற்காகத் தாடை எலும்புக்குள் பொருத்தும் ஒரு சிறிய திருகு. பெரும்பாலும் டைட்டேனியத்தால் ஆனது. எலும்பு டைட்டேனியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோன்மார்க் 1952இல் முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தி வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்றப் போனால், வரவில்லை. எலும்பு அதை விடவில்லை. 1965இல் மனிதத் தாடையில் முதன்முறையாக அவர் அதைப் பயன்படுத்தினார். அந்தப் பிடி ஒரு நாளில் வருவதில்லை. கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம், மேல்தாடையில் அதைவிடக் கூடுதலாக, சிலருக்கு ஆறு மாதம் வரை ஆகும்.

முதல் நாளுக்கு வருவோம். கடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் கடித்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையவே உறையாது. எச்சிலைத் துப்பாதீர்கள், விழுங்கிவிடுங்கள். ஒரு சொட்டு ரத்தம் எச்சிலோடு கலந்தால் வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பாகத்தான் தெரியும். அதைப் பார்த்து பயந்து, மறுபடி கொப்பளித்து, மறுபடி துப்பி, உறைந்ததைக் கலைத்துக்கொள்கிறவர்கள் பலர். 24 மணி நேரம் கொப்பளிக்கவும் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சவும் கூடாது. வலி மாத்திரையின் முதல் வேளையை மரத்தது தெளிவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் கன்னம் வீங்கினால் உடனே வாணலியில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கப் பாட்டிமார் தயாராக நிற்பார்கள். முதல் இரண்டு நாட்களுக்கு அந்த அன்பு வேண்டாம். சூடு ரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தின் மேல் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள், எடுங்கள், மறுபடி வையுங்கள். கிராம்பு, மஞ்சள் எதையும் புண்ணில் அப்ப வேண்டாம். படுக்கும்போது தலைக்கு ஒரு தலையணை கூடுதலாக இருக்கட்டும்.

சாப்பாடு என்றதும் எல்லோரும் தயிர் சாதத்தைத்தான் நினைப்பார்கள். நல்லதுதான். ஆனால் அதில் கடுகு தாளித்து, மாதுளை முத்து தூவி, இஞ்சி நறுக்கிப் போட்டுக் கொண்டுவந்து வைக்கிறார்கள். தையலுக்கு இடையில் ஒரு கடுகு போய் உட்கார்ந்தால் அதை எடுப்பது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத்தான் தெரியும். தாளிக்காமல், குழையப் பிசைந்து, எதிர்ப்பக்கம் வைத்துச் சாப்பிடுங்கள். கேழ்வரகுக் கூழ், இட்லியைப் பாலில் ஊறவைத்தது, பருப்பு மசித்த சாதம் எல்லாம் ஆகும். காபி குடிக்கலாம், ஆவி பறக்கக் கூடாது, ஆறியது மட்டுமே.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். பிறகு தானாக வடியும். வயதானவர்களுக்குக் கன்னத்திலிருந்து கழுத்து வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போகும். பார்க்க வருகிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கெடுதல் இல்லை, ஓரிரு வாரத்தில் மறையும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முதல் வாரம் எல்லோரும் பத்தியமாகத்தான் இருக்கிறார்கள், வலி அவர்களை அப்படி இருக்க வைக்கிறது. மூன்றாம், நான்காம் வாரத்தில் தையல் பிரித்தாயிற்று, வீக்கம் இல்லை, வலி இல்லை. திருகு மிகத் தளர்வாக இருப்பது ஏறக்குறைய அப்போதுதான். தொடக்கத்தில் திருகின் மறைகள் பழைய எலும்பை இறுக்கிப் பிடித்திருக்கும். பிறகு உடல் அந்தப் பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் புதிய எலும்பை வைக்கும். பழைய பிடி தளர்ந்து புதிய பிடி முழுதாக வராத இடைவெளி அது. அந்தச் சமயத்தில் திருகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடிக்கடி அசைந்தால், சுற்றிலும் எலும்புக்குப் பதில் தழும்பு போன்ற நார்த்திசு வளர்ந்துவிடும். அதன் பிறகு அந்தத் திருகு நிற்காது. சரியாக அந்த வாரத்தில்தான் வீட்டில் சீடையோ முறுக்கோ சுடுவார்கள், கல்யாண வீட்டில் கறிவிருந்து நடக்கும்! நட்ட கன்று வேர் பிடித்ததா என்று தினமும் ஆட்டிப் பார்ப்பது போல, நாக்காலும் விரலாலும் தட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. பல் கட்டி முடியும்வரை அந்தப் பக்கத்தில் கடினமான எதையும் கடிக்காதீர்கள். கழற்றி மாட்டும் பல் செட் இருந்தால், அது அந்த இடத்தை அழுத்தாதபடி மருத்துவர் சரிசெய்து கொடுத்த பிறகே போடுங்கள்.

சிகரெட், பீடி, புகையிலை விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. அறுவைக்கு முன்பே நிறுத்தினால் நல்லது. எலும்பு சேரும் மாதங்களில் தொடவே வேண்டாம். வெற்றிலை பாக்கு போடும் பெரியவர்கள், "புகையிலை இல்லாமல்தானே" என்று பேரம் பேசுவார்கள். பாக்குத் துகளும் சுண்ணாம்பும் ஆறாத ஈறுக்கு ஆகவே ஆகாது. சர்க்கரை நோயாளிகள் கஞ்சியும் கூழும் குடிக்கும் இந்த நாட்களில் சர்க்கரை அளவை வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் பல் வலிக்கென்று ஆஸ்பிரினைத் தொடக் கூடாது. மேல்தாடையில் சைனஸ் (மூக்கை ஒட்டிய காற்றறை) பக்கம் எலும்பு சேர்த்து வைத்தவர்கள் இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

எப்போது போன் செய்ய வேண்டும்? மரத்துப்போனது சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். மறுநாள் காலையிலும் கீழ் உதடோ முகவாயோ மரத்தே இருந்தால் தாமதிக்காமல் அன்றே சொல்லுங்கள். உள்ளே ஓடும் நரம்பு அழுந்தியிருக்கலாம். பஞ்சை வைத்துக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், சீழ் கசிந்தால், நான்கு நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறினால், அப்போதும் அப்படியே.

சிலருக்கு ஈறுக்கு மேலே பட்டன் போல ஒரு சிறிய உலோக மூடி தெரியும். அது கழன்று கைக்கு வந்துவிட்டால் பதற வேண்டாம். விரலால் திரும்பத் திருகவும் வேண்டாம். ஒரு சிறு டப்பாவில் போட்டு, அன்றோ மறுநாளோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். மூடி இருந்த துளையை ஈறு சீக்கிரமே மூடிக்கொள்ளும். பிறகு மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.