மழைக்கு முன்னாடி செம்மறிக்குச் செய்ய வேண்டியது | கரிசக்காட்டு ஆடு

வணக்கம் மக்களே. விளாத்திகுளம் பக்கம் ஒரு ஆட்டுக் கிடையில நிக்கிறேன். பின்னாடி நிக்கிறது பூரா வேம்பூர் செம்மறி. வெள்ளை உடம்புல செவப்பு திட்டுத்திட்டா இருக்குல்ல, அதனாலதான் பொட்டு ஆடுன்னு பேரு.

தமிழ்நாட்டுல 2012 கணக்கெடுப்புல செம்மறி கிட்டத்தட்ட 48 லட்சம். 2019ல 45 லட்சம். மேய்ச்சக்காட்டை வேலிக்கருவை மூடிருச்சு, கிடைக்குப் போக இளவட்டம் வரல. அது ஒரு வீடியோல தீராது. ஆனா ஐப்பசி கார்த்திகையில குட்டிகளைத் தூக்கிப் புதைக்கிறோமே, அதுல பாதிக்கு மேல நம்ம கையில இருக்கு.

மொதல்ல குடல்புழு. இந்த மறியைப் பாருங்க, கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். பெருவிரலால கீழ் இமையை இழுத்தா உள்சதை தெரியுதா? நல்ல ஆட்டுக்குச் செக்கச்செவேல்னு இருக்கும். இதுக்கு வெளுத்துப் போச்சு. தாடைக்குக் கீழ தொட்டா கொழகொழன்னு நீர் கோத்திருக்கு. ரத்தம் உறிஞ்சுற வட்டப்புழு வேலை. ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும், ஆயிரம் புழுன்னா 50 மில்லி. தீனி போட்டுத் தேத்த முடியுமா?

அல்பெண்டசோல்ங்கிற குடல்புழு மருந்து 2.5 சதவீதம்னா, கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் கணக்குல 30 கிலோ ஆட்டுக்கு 9 மில்லி. எல்லாத்துக்கும் ஒரு மூடின்னு ஊத்துறதுதான் நம்ம ஊர்ப் பெரிய தப்பு. அரைகுறையா ஊத்தினா தாக்குப்பிடிச்ச புழு மட்டும் பெருகும், அப்புறம் அந்த மருந்தே கேக்காது. தொங்கு தராசு ஒண்ணு வாங்கி வைங்க. எடை பாக்க முடியலன்னா, ஒரே அளவுல இருக்கிற ஆடுகளைப் பிரிச்சு, அதுல கனத்த ஆட்டோட எடைக்கு ஊத்துங்க. சினை பிடிச்ச முதல் மாசம் இதைக் குடுக்காதீங்க, குட்டி ஊனமாப் பொறக்கும். ஊத்தும்போது தலையை அண்ணாந்து தூக்கவும் கூடாது, மருந்து நுரையீரலுக்குப் போயிரும்.

அடுத்து துள்ளுமாரி, திடீர்னு குட்டியைச் சாய்க்கிற நோய். மழை விழுந்து புதுப்புல்லு வந்ததும், மந்தையிலேயே கொழுத்த குட்டிதான் விடியக்காலையில விறைச்சுக் கிடக்கும். நோவு தெரியவே தெரியாது. முதல் தடவை போடுற குட்டிக்கு ரெண்டு தடுப்பூசி, நடுவுல ரெண்டு மூணு வாரம். அப்போ ஆவணி கடைசியிலயே ஆரம்பிச்சாதான் சரியா வரும். மழையில ஊசி தேடி ஓடுறது வீண்.

நீலநாக்கு நோயைப் பொடி ஈ பரப்பும். மூஞ்சி வீங்கி, வாய் புண்ணாகி, நொண்டும். மழைக்கு முன்னாடி அதுக்கும் ஊசி, சாயங்காலம் பட்டியில வேப்பந்தழைப் புகை. ஆட்டுக்கொல்லி நோய்க்கு, மூணு மாசம் தாண்டின குட்டிக்கு ஒரு ஊசி, தோலுக்கடியில 1 மில்லி, மூணு வருசம் தாங்கும். ஐஸ்லயே வைக்கணும், கலக்கி மிச்சமானதை நாளைக்கு எடுத்துப் போடக் கூடாது. எட்டயபுரம் சந்தையில பிடிச்ச ஆட்டை 21 நாள் தனியாக் கட்டுங்க.

இன்னொண்ணு, அறுத்த சோளக்கட்டை. காய்ஞ்சு கிடந்து மழைக்குத் துளிர்க்குமே, அந்த இளந்துளிர்ல விஷம். வயிறு காஞ்ச மந்தையை அதுல இறக்காதீங்க. மேய்ஞ்சு மூச்சு வாங்கி விழுந்துச்சுன்னா நாட்டு மருந்து தேடாம உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க. அந்த நேரம் நிமிசக் கணக்குதான்.

சரி, தராசு வந்துருச்சு. இந்த மறியைத் தூக்கிப் பாப்போம்... 22 கிலோ. அப்போ 6.6 மில்லி.